பச்சை என்று ஒரு சீட்டு

மேனேஜர் மேசைமேல் அந்தத் தோல் கிடந்தது. கறுப்புச் சாயம் ஏறிய மாட்டுத்தோல். ஷூவின் மேல்பாகத்துக்காகக் கப்பலேற வேண்டியது. மேனேஜர் அதை உட்பக்கமாக மடித்து, மடிப்பை எங்கள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். மேல்பரப்பு தனியாகப் பிரிந்து பாலாடைபோல் சுருங்கி நின்றது. ஒரு டிரம் முழுக்க இதே கதி.

"இன்னாய்யா இது?" என்றார்.

எனக்கு வலப்பக்கம் எல்லப்பன் நின்றிருந்தார். கீழே தோலைப் போட்டுச் சுழற்றும் மர டிரம்களை ஓட்டும் மேஸ்திரி. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். மடித்துக் கட்டியிருந்த லுங்கியை மேனேஜர் அறைக்காக இறக்கிவிட்டிருந்தார். அதன் கீழ்ப்பாதி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. சுவரோரம் ஒரு மர ஸ்டூலில், மடியில் நோட்டோடு பியூலா. அந்தப் பெண்ணைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"லேப் சீட்டு பாத்துதான் சார் சோடா போட்டேன். இன்னும் சரியா ஆவலன்னு எழுதியிருந்துச்சு," என்றார் எல்லப்பன்.

"நான் அப்படி எழுதவே இல்ல சார். ஆயிடுச்சுன்னுதான் எழுதி அனுப்பினேன்," என்றேன் நான்.

"சீட்டு எங்க?"

சீட்டுக்கு எங்கே போவது? டிரம் தளத்தில் எப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். படித்துவிட்டுக் கீழே போட்டால் அதோடு போய்விடும்.

"ரெண்டு பேர்ல ஒருத்தன் புளுகறான்," என்றார் மேனேஜர். என்னைப் பார்த்தார். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, சட்டைப் பையில் இரண்டு பேனா. எல்லப்பனைப் பார்த்தார். எல்லப்பனிடம் பேனா இல்லை. "எல்லப்பா, நாளைக்குக் காலைல வந்து பொறுப்ப ஒப்படைச்சிட்டுப் போ. அவ்ளோதான்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்பாடா என்றிருந்தது. எங்கள் சீனியர் கெமிஸ்ட் அப்போதுதான் ரிட்டயர் ஆகியிருந்தார். அந்த இடத்துக்குப் பொங்கலுக்குள் என்னைப் போடுவதாக மேனேஜர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். ஒரு டிரம் தோல் என் தலையில் விழுந்திருந்தால் அந்த வேலை கோவிந்தா.

ஸ்டூலில் உட்கார்ந்த பெண்

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படித்துவிட்டுத் திருப்பத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "ஆம்பூர் தோல் டேனரியில் பல வருஷம் வேலை பார்த்ததாகச் சொல்கிறீர்களே, சைக்கிள் வாங்கியதையும் சினிமா பார்த்ததையும் எழுதுகிறீர்கள், டேனரியைப் பற்றி ஏன் எழுதவில்லை?" என்று கேட்கிறார். காரணம் இருக்கிறது அம்மா. எங்கே தொட்டாலும் இந்த டிரம்மில்தான் வந்து நிற்கும். தள்ளித் தள்ளிப் போட்டேன். இனி முடியாது.

எண்பதுகளின் தொடக்கம். ஒரு நாள் மேனேஜர் லேப்புக்குள் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். மெலிந்த உருவம், காட்டன் புடவை, தோளில் ஜோல்னாப் பை. பெயர் பியூலா. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி நர்ஸின் மகள். டெல்லியில் ஆராய்ச்சி செய்கிறாராம். "ரெண்டு மாசம் இங்க இருப்பாங்க. கேக்கறதுக்குப் பதில் சொல்லு," என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்.

"என்ன ஆராய்ச்சி மேடம்? குரோம் பதமா, டானின் பதமா?" என்று கேட்டேன், சரிசமமாகப் பேசுகிற தோரணையில்.

"தோல் இல்ல சார். நீங்க."

"நானா?"

"நீங்க டெஸ்ட் பண்றது, எழுதறது, அதைக் கீழே இருக்கறவங்க நம்பறது. விஞ்ஞானம் எப்படி நடக்குதுன்னு பாக்கறதுதான் என் படிப்பு."

"விஞ்ஞானம் அது பாட்டுக்கு நடக்குது. பாக்கறதுக்கு அதுல இன்னா இருக்கு?"

"தானா நடக்காது சார். ஒருத்தர் எழுதறார், இன்னொருத்தர் நம்பறார். ஏன் நம்பறார்னு யாராவது பாக்கணும் இல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. டெல்லியில் இப்படி ஒரு துறையே இருக்கிறதாம். விஞ்ஞானத்தையும் தொழில்நுட்பத்தையும் சமுதாயத்தோடு சேர்த்துவைத்துப் படிக்கிற துறை. வெளிநாட்டில் பெரிய லேபரட்டரிகளுக்குள்ளேயே போய் உட்கார்ந்து, விஞ்ஞானிகள் என்ன பேசிக்கொள்கிறார்கள், எதை எழுதுகிறார்கள், எதை எழுதாமல் விடுகிறார்கள் என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்களாம். "சும்மா உக்காந்து வேடிக்க பாக்கறதுக்கு டாக்டர் பட்டமா!" என்று டீ குடிக்கும்போது அட்டெண்டரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

ஆனால் அந்தப் பெண் சும்மா உட்காரவில்லை. ஒரு வாரம் கழித்து, என்னதான் எழுதுகிறீர்கள், காட்டுங்கள் பார்க்கலாம் என்று கேட்டேன். தயங்காமல் நோட்டை நீட்டினார். 'கெமிஸ்ட் திரவத்தை முதலில் முகர்ந்து பார்க்கிறார். பிறகுதான் லிட்மஸ் பேப்பரை நனைக்கிறார். முகர்ந்ததை ரிஜிஸ்டரில் எழுதுவதில்லை.' அதற்குக் கீழே, 'வெள்ளைக் கோட்டு ஆணியில் தொங்குகிறது. மேனேஜர் படியேறும் சத்தம் கேட்டால் மாட்டிக்கொள்கிறார்.'

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. "இதெல்லாமா மேடம் சயின்ஸு?" என்று கத்தினேன்.

"பின்ன இல்லையா சார்? உங்க மூக்கு சரியாத்தானே சொல்லுது. அதை ஏன் எழுத மாட்டேங்கறீங்கன்னுதான் யோசிக்கறேன்," என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே யோசிக்கிற முகம். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெண்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவின் சர்டிபிகேட்

இங்கே என் அப்பாவைப் பற்றி நாலு வரி. நாட்றம்பள்ளிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கேழ்வரகு நிலம் இருந்தது. நான் காலேஜில் படித்தபோது விவசாய ஆபீஸிலிருந்து மண்ணை எடுத்துப்போய்ச் சோதித்து, ஓர் அட்டை அனுப்பியிருந்தார்கள். எந்தச் சத்து கம்மி, எந்த உரம் எவ்வளவு போடவேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். லீவுக்குப் போனபோது பார்க்கிறேன், அப்பா அதற்குக் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கிறார்!

"இன்னாப்பா இது?"

"சர்க்காருல நம்ம மண்ண டெஸ்டு பண்ணி சர்டிபிகேட்டு குடுத்துகிறாங்கடா."

அந்த மண் சரியில்லை என்றுதான் அந்த அட்டையில் எழுதியிருந்தது. அப்பாவுக்கு அதை யாரும் படித்துச் சொல்லவில்லை. நான் தலையிலடித்துக்கொண்டேன். பியூலாவிடம் இதை ஒரு ஜோக்காகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அட்டை கொண்டுவந்து குடுத்தவர் யாரு? வாசல்ல நின்னே குடுத்துட்டுப் போயிட்டாரா, உள்ள வந்து உக்காந்தாரா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தோன்றியதில்லை.

அவருக்கு இந்தப் பழக்கம் ஆஸ்பத்திரியில் வந்ததாம். சின்ன வயதில் அம்மாவின் டியூட்டி முடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். கலவை என்ற ஊரிலிருந்து வந்த ஓர் அம்மாள், உடம்பு சுடுகிறது என்று அழுதுகொண்டே இருந்தாராம். சார்ட்டைப் பார்த்த டாக்டர், ஜுரம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சார்ட்டில் இருந்தது காலையில் எடுத்தது. "டாக்டர் அந்தம்மாவைத் தொட்டுப் பாக்கல சார். சார்ட்டைத்தான் பாத்தார். நல்ல டாக்டர்தான்," என்றார் பியூலா.

மஞ்சள், பச்சை, நீலம்

இப்போது டிரம்முக்கு வருகிறேன். படிக்கிறவர்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் பாடம்.

குரோம் உப்பு ஏறிப் பதப்பட்ட தோலுக்குள் அமிலம் மிச்சம் இருக்கும். சாயம் போடுவதற்கு முன் சோடா உப்புத் தண்ணீரில் ஓடவிட்டு அதைத் தணிக்க வேண்டும். தணிந்துவிட்டதா என்று பார்க்க, தோலில் ஒரு துண்டு நறுக்கி மேலே லேப்புக்கு அனுப்புவார்கள். வெட்டிய விளிம்பில் நான் ஒரு சொட்டு மருந்து விடுவேன். மஞ்சளாக நின்றால் அமிலம் இன்னும் இருக்கிறது. பச்சை என்றால் சரியான பதம். நீலமாகப் போனால் அளவு தாண்டிவிட்டது, மேல்பரப்பு கழன்றுவிடும்.

பழைய சீனியர் இங்கிலீஷில் எழுதுவார். அட்டெண்டர் சீட்டைக் கொண்டுபோய்ப் படியில் நின்றபடியே "ஓகே!" என்று கத்துவார். ஓகே என்றால் உடனே சாயம். ஓகே இல்லையென்றால் அரை வாளி சோடா, இன்னொரு மணி நேரம், அப்புறம் சாயம். வருஷக்கணக்காக இதுதான் வழக்கம். கீழே இருப்பவர்கள் யாரும் அந்த மருந்தின் நிறத்தைப் பார்த்ததில்லை. பாட்டில் லேப் அலமாரியில்.

சீனியர் போனதும் நான் ஒரு சீர்திருத்தம் செய்தேன். காலேஜ் நாளில் தமிழ் மன்றத்தில் மேடையேறிப் பேசியவன் நான். டிரம்காரர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். விஞ்ஞானம் அவர்களுக்கும் புரியட்டும் என்று சீட்டைத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். நல்ல எண்ணம்தான், சத்தியமாக. தமிழ்தானே, அவர்களே படித்துக்கொள்வார்கள் என்று அட்டெண்டரையும் இனிக் கத்தவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தமிழில் எழுதிய முதல் சீட்டு அந்த டிரம்முக்குத்தான் போனது.

மேல் நோட்டு, கீழ் நோட்டு

மேனேஜர் அறையிலிருந்து வந்த அன்று சாயங்காலம் நான் லேப்பைப் பூட்டிக்கொண்டிருந்தேன். பியூலா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். புடவை விளிம்பெல்லாம் சேறு.

"சார், ஒரு நிமிஷம். உள்ள உக்காந்து பேசலாமா?"

"எல்லப்பன் விஷயமா? அவன் புளுகறான் மேடம். வேல போற பயத்துல புளுகறான். பாவம்தான். நான் இன்னா பண்றது?"

அவர் பையிலிருந்து இரண்டு நோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். காலையில் லேப்பில் உட்கார்ந்து எழுதுவது ஒன்று. மத்தியானம் டிரம் தளத்தில் நின்று எழுதுவது இன்னொன்று. மேலே பேசியதைக் கீழே சொல்வதில்லை, கீழே பேசியதை மேலே சொல்வதில்லை என்று வந்த முதல் நாளே எங்கள் எல்லோரிடமும் வாக்குக் கொடுத்திருந்தார். நாங்கள்தான் அதை மறந்துவிட்டோம்.

"கீழ் நோட்டு எல்லப்பனோடது. இப்பதான் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். உங்ககிட்ட மட்டும் படிச்சுக் காட்டலாம்னார்," என்றார்.

முதலில் மேல் நோட்டைப் புரட்டினார். 'கெமிஸ்ட் விளிம்பில் சொட்டு விடுகிறார். நல்ல பச்சை என்கிறார். சீட்டில் ஒரே வார்த்தை எழுதுகிறார். பச்சை.'

பிறகு கீழ் நோட்டு. அதே நாள். மத்தியானம் அவர் கீழே இறங்கியபோதுதான் சீட்டும் வந்திருந்தது. எல்லப்பன் சீட்டைப் படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது, சொன்னபடியே எழுதியிருந்தது. 'பச்சைன்னு எழுதிகிறாங்கப்பா. உள்ள இன்னும் பச்சையாவே கீதாம். சோடா போடு, இன்னொரு மணி நேரம் ஓடட்டும்.'

டேனரியில் பச்சை என்றால் என்ன? பச்சைத் தோல். பதப்படாத தோல். லாரியிலிருந்து உப்போடு இறங்குவது பச்சை. நடுவில் குரோம் ஏறாமல் நின்றால் 'உள்ளே பச்சை'. அங்கே அத்தனை பேரும் நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை. நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். பேனாவை எடுத்ததும் எனக்கு அது நிறம் மட்டுமாகிவிட்டது!

"ரெண்டு பேருமே நிஜத்தைத்தான் சொன்னீங்க சார்," என்றார் பியூலா. அவர் கண் கலங்கியிருந்தது. "என்மேலயும் தப்பு இருக்கு. ரெண்டையும் நானேதான் எழுதினேன். பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்காம விட்டுட்டேன்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, "மேனேஜர்கிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்," என்றேன்.

"நான் சொன்னா அவர் நோட்டைக் கேப்பார் சார். ரெண்டு நோட்டும் அவர் கைக்குப் போனா, அப்புறம் இங்க ஒருத்தரும் என்னை நம்பிப் பேச மாட்டாங்க. அதுவும் இல்லாம, அது உங்க சீட்டு," என்றார். நோட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டார். "காலைல எட்டு மணிக்கு எல்லப்பன் வர்றார் சார்."

அவ்வளவுதான் சொன்னார். மிரட்டவில்லை, புத்தியும் சொல்லவில்லை. அந்த மாதிரி ஒரு மனுஷியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் சொல்லாவிட்டால் ஒரு தொழிலாளியின் வேலை போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்தால் இரண்டு மாத உழைப்பு போய்விடும் என்பதும் தெரியும். இரண்டையும் நெஞ்சில் சுமந்துகொண்டு வேலூர் பஸ்ஸுக்கு நடந்து போனார்.

அவர் இல்லாத அறை

பின்னால் பியூலாவுக்குப் பட்டம் கிடைத்தது. டைப் அடித்த ஆராய்ச்சியின் ஒரு பிரதியை எனக்குத் தபாலில் அனுப்பிவைத்தார். என் பெயர் இல்லை, ஊர் பெயர் இல்லை. ஆனால் அத்தனையும் இருந்தது. ஒரு வார்த்தை பத்துப் படி இறங்குவதற்குள் எப்படி வேறு வார்த்தையாகிறது என்று இருபது பக்கம் எழுதியிருந்தார். படித்து முடித்தபோது, நான் செய்துவந்த வேலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது. வேடிக்கை பார்க்கிற படிப்பு என்று சிரித்தேனே, அந்தச் சிரிப்புக்காக இன்றும் கூசுகிறேன்.

ஒன்று மட்டும் அதில் இல்லை. எனக்கு ஏன் அந்த சீனியர் வேலை கிடைக்கவில்லை என்பது. எல்லப்பன் பொறுப்பை ஒப்படைக்க வந்த அந்தக் காலையில் பியூலா மேனேஜர் அறைக்குள் வரவில்லை. அவர் எழுதாததை இந்த வாரம் நான் எழுதிவிடுகிறேன்.

எட்டு மணிக்குப் போனேன். எல்லப்பன் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். மடமடவென்று எல்லாவற்றையும் மேனேஜரிடம் சொன்னேன். அவருக்கு முதலில் பிடிபடவில்லை.

"எல்லப்பா, பச்சைன்னா இன்னா?"

"ஆவாத தோலு சார்."

"நீ சொல்லு, பச்சைன்னா?" என்று என் பக்கம் திரும்பினார்.

"கலர் சார்."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார், இருமல் வரும்வரை. "அட கடவுளே, ஒரு வார்த்தைக்கா ஒரு டிரம் தோலு போச்சு! வெளிய சொன்னா ஊரே சிரிக்கும்யா. எல்லப்பா, நீ போயி டிரம்மப் பாரு. உம்மேல தப்பு இல்ல. யோவ் கெமிஸ்ட், இனிமே இங்கிலீஷ்லயே எழுதித் தொலை."

எல்லப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். என் மனசும் லேசாகிவிட்டது. பயந்ததுபோல் ஒன்றும் ஆகவில்லை. தமிழ்ப்பற்றால் வந்த தவறு, யாரும் மன்னித்துவிடுகிற தவறு. துணிந்து வந்து சொல்லிவிட்டேன் என்று எனக்கு நானே முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். சீனியர் வேலைகூடப் போகவில்லை.

எல்லப்பன் கதவருகே போயிருப்பார். மேனேஜர் சும்மா கேட்பதுபோல் கேட்டார். "ஏன் எல்லப்பா, சந்தேகமா இருந்தா மேல போயி ஒரு வார்த்த கேக்கறதுக்கு இன்னா? பத்து படிதானே?"

எல்லப்பன் நின்றார். "ஒரு தபா போனேன் சார். இங்கெல்லாம் வராதன்னு சொல்ட்டாங்க."

"யாரு சொன்னது?"

அவர் தரையைப் பார்த்தார். "நெனப்பில்ல சார். ரொம்ப நாளாச்சு."

ரொம்ப நாளாகவில்லை. நாலு மாதம்தான். லேப்பைப் பார்க்க மெட்ராஸிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். தரையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தோம். எல்லப்பன் கையில் ஒரு தோல் துண்டோடு, காலில் தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்று, "சார், இது எப்டி சார் தெரியுது உங்களுக்கு? ஒரு தபா காட்டுங்களேன்," என்று கேட்டார். "உனக்கு எதுக்குய்யா அதெல்லாம்? ஈரக்காலோட இங்க வராத. கீழ போ," என்றேன். வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அந்தத் துண்டை உள்ளங்கையில் மடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

முந்தின நாள் இதே அறையில் அவர் வேலை போனபோது வாய் மூடி நின்றவன் நான். என் பெயரைச் சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் நினைவில்லை என்கிறார்.

"நான்தான் சார்," என்றேன். "கேக்கத்தான் வந்தார். நான்தான் அவரைத் தொரத்தினேன்."

மேனேஜரின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லப்பன்தான் பேசினார். "வுடு சார், டிரம்மு நிக்குது," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவரை நான் 'அவர்' என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை.